மலைகளைச் சாட்சிக்குக் கூப்பிட்ட வழக்கு

ஓய்வு பெற்ற குருமாரை வருடத்துக்கொரு தடவை கூப்பிட்டு, மதியச் சாப்பாடு போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொல்வது எங்கள் திருச்சபையின் பழக்கம். இந்த முறை கூட்டம் கண்டியில் நடந்தது. நான் வழக்கம்போல் தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பேசினேன். பேசி முடித்துச் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்தபோது, நாவலப்பிட்டிப் பக்கம் ஊழியம் செய்கிற ஜெனிட்டா என்ற இளம் குருவானவர் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? தீர்க்கதரிசிகள்ல ஆறுதல் சொல்ற அதிகாரங்கள மட்டுந்தான் நான் பிரசங்கத்துக்கு எடுக்கிறேன். தீர்ப்பு வர்ற இடங்களத் தாண்டிப் போயிடுவேன். எங்க சனங்க ஏற்கெனவே அடிபட்டவங்க. மழ பேஞ்சா மண்சரிவு, வெயில் அடிச்சா வேல இல்ல. அவங்ககிட்ட போய் ஆண்டவர் கோவமா இருக்காருன்னு சொல்ல எனக்கு மனசு வரல்ல.”

எதிரே இருந்த இளம் குருமார் இருவர் தலையாட்டினார்கள். அவர்களும் அப்படித்தானாம். இப்போது திருச்சபை கொடுக்கும் வாசிப்பு அட்டவணையிலும் அந்தப் பகுதிகள் பெரும்பாலும் இல்லை என்றார்கள்.

கேள்வி நியாயமானது. சாப்பாட்டு மேசையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அது மனதிலேயே நின்றது. அதனால் எழுதுகிறேன்.

நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். தோட்டப் பள்ளிக்கூடம், பிறகு கண்டியில் ஒரு கல்லூரி, பிறகு இறையியல் படிப்பு. எபிரேய எழுத்துகள் முதலில் எறும்பு ஊர்ந்த தடம்போல இருந்தன. மெல்ல மெல்லக் கண்ணுக்குப் பழகின. வலமிருந்து இடமாக வாசித்துப் பழகிய பிறகு கொஞ்ச நாள் பஸ்ஸின் பெயர்ப்பலகையைக்கூடத் தலைகீழாக வாசித்தேன். படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. தொழிலைக் கற்றது அதற்குப் பிறகுதான்.

முதல் நியமனம், பல தோட்டச் சபைகள் சேர்ந்த நாவலப்பிட்டிச் சேகரத்தில் கிடைத்தது. எனக்கு மேலே தலைமைக் குருவானவராக இருந்தவர் செல்லையா ஐயா. யாழ்ப்பாணத்தவர். ஒல்லியான, உயரமான மனிதர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். தேத்தண்ணியில் சீனி கூடினாலும் குறைந்தாலும் முகம் சுருங்கும். மற்றவர்கள் ஜெபிக்கும்போது இலக்கணப் பிழை வந்தால் கண்ணை மூடியபடியே தொண்டையைச் செருமுவார். நிர்வாகக் கூட்டங்களில் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் தீர்க்கதரிசிகளை வாசிப்பதில் மட்டும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அதில் ஒரு நூல் பிசகினாலும் விடமாட்டார்.

தீர்ப்பு வருகிற பகுதியைப் பிரசங்கத்துக்கு எடுத்தால், வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆளில்லாத கோவிலில் அதைச் சத்தமாக வாசிக்கவேண்டும். அவர் கடைசி வாங்கில் குடையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

“சொல்லும் தம்பி, இதில ஆர் அழுகினம்?”

முதல் தடவை எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஆண்டவர் கோபப்படுகிறார், ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்றேன்.

“அதை நான் கேட்கேல்ல. கோபத்துக்கு முதல் ஆரோ அழுதிருக்கினம். அந்த அழுகை கேட்டபடியாத்தான் அவருக்குக் கோபம் வந்தது. அது ஆரெண்டு கண்டுபிடியும். கண்டுபிடிக்காமல் பிரசங்கம் பண்ண வேண்டாம். பண்ணினால் அது சும்மா வெருட்டுறது.”

இரண்டாவது விதி, தீர்ப்பைப் பிரசங்க மேடையில் ஏறி வாசிக்கக்கூடாது. கீழே இறங்கி, சனங்கள் நிற்கும் அதே தரையில் நின்று வாசிக்கவேண்டும். மேலே நின்றால் நாங்கள் ஆண்டவரின் பக்கத்தில் நிற்பதாக எங்களுக்கே ஒரு நினைப்பு வந்துவிடுமாம்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. அந்த வார்த்தை சபையில் யாருக்காவது படும் என்று தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் அவருடைய வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, கொடுப்பதைக் குடித்துவிட்டு, இன்னதை வாசிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வரவேண்டும்.

இதை அவரே செய்ததை ஒரு தடவை கூட இருந்து பார்த்தேன்.

சேகரத்தைச் சேர்ந்த ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர் சாமுவேல். எங்கள் சபைக்காரர். நல்ல குரல், ஓய்வு நாள் ஆராதனை தவறமாட்டார். அவர் மேல் குறை சொல்லி, லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் தோட்டத் துரையிடம் போயிருந்தார்கள். கொஞ்ச நாளில் கீழ் லயத்தார் குடம் வைத்துப் பிடிக்கும் பீலியில் தண்ணீர் நின்றுபோனது. குழாயில் கோளாறு என்றார்கள். மேலே கிளாக்கர் வீட்டுத் தோட்டத்தில் மட்டும் ரோசாச் செடிகள் நனைந்துகொண்டிருந்தன. பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஆற்றுக்கு இறங்கிக் குடத்தில் தண்ணீர் தூக்கினார்கள்.

செல்லையா ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு கிளாக்கர் வீட்டுக்கு ஏறினார். தேத்தண்ணி வந்தது. சீனி சரியாக இருந்திருக்கவேண்டும், முகம் சுருங்கவில்லை.

“சாமுவேல், தேத்தண்ணி நல்லாயிருக்கு. உம்மட பக்கம் தண்ணி வருது போல.”

“வருதுங்க ஐயா.”

“கீழ வரேல்ல.”

சாமுவேல் கோப்பையைக் கீழே வைத்தார். “அது தோட்டத்து விசயம் ஐயா. கோவில் விசயம் இல்ல. அவங்க என்னப் பத்தி என்னென்ன சொல்லிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாதுதான். அதைப் பற்றிக் கதைக்க நான் வரேல்ல. வாற ஞாயிறு ஆமோஸ் வாசிக்கப்போறன். நியாயம் தண்ணிமாதிரி ஓடவேணும் எண்டு ஆண்டவர் கேக்கிற இடம். நீர் முன் வாங்கில இருந்து திடீரெண்டு கேட்டால் உமக்கு அந்தரமாயிருக்கும். முதலே சொல்லுறதுதான் மரியாதை. அதுக்குத்தான் வந்தனான்.”

“என்னச் சொல்றீங்களா ஐயா?”

“பேர் சொல்லமாட்டன். ஆனா உமக்கு விளங்கும். கட்டாயம் வாரும். வராமல் விட்டீரெண்டால் எனக்குக் கவலையாயிருக்கும்.”

அதைச் சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே கவலைப்படுகிற முகம் அது.

சனிக்கிழமை காலையில் கீழ் லயத்துப் பீலியில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோசம். ஞாயிறு காலை அங்கி மாட்டிக்கொண்டிருந்த செல்லையா ஐயாவிடம், தண்ணீர் வந்துவிட்டதே, வேறு பகுதியை வாசிக்கலாமே என்றேன்.

“ஏன்? ஆமோஸ் சாமுவேலுக்கு மட்டுமோ எழுதினவர்? எனக்கும் எங்கயோ ஒரு குழாய் பூட்டிக்கிடக்கும். வாசிப்பம்.”

தரையில் நின்று வாசித்தார். சாமுவேல் முன் வாங்கில் இருந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனாலும் எழுந்து போகவில்லை. அதன் பிறகு அவர் பெரிய நல்லவராக மாறிவிட்டார் என்று கதை கட்டமாட்டேன். சண்டை பிடித்துக்கொண்டேதான் கடைசிவரை எங்கள் சபையில் இருந்தார். ஆனால் இருந்தார். பீலியிலும் தண்ணீர் நிற்கவில்லை.

பாடம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. எதிரி வீடு தேடி வந்து எச்சரிப்பதில்லை. தீர்க்கதரிசிகளின் ஆண்டவர் எச்சரிக்கிறார், திரும்பத் திரும்ப ஆள் அனுப்புகிறார், வாதாடுகிறார், சில இடங்களில் கெஞ்சவே செய்கிறார். உறவை அறுத்துக்கொண்டு போனவர் இவ்வளவு மினக்கெடமாட்டார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடவேண்டும். மண்சரிவில் வீட்டைப் பறிகொடுத்தவர்களிடம் போய் இது ஆண்டவருடைய தீர்ப்பு என்று பேசுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அப்படிப் பேச வந்த ஒருவரை என் கோவிலில் நான் பாதியிலேயே உட்காரவைத்திருக்கிறேன். அழுகிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைத் தீர்க்கதரிசிகள் எவரும் செய்ததில்லை. ஜெனிட்டா பயப்படுவது அந்தப் பேச்சுக்குத்தான் என்றால் நான் அவர் பக்கம்.

இனிப் புஷ்பராணியின் வழக்குக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்குப் பிறகு என்னைத் தெல்தோட்டைப் பக்கத்துச் சபையொன்றுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். மேட்டில் சின்னக் கோவில். ஒரு பக்கத்து யன்னல்களைத் திறந்தால் எதிர்மலை முழுவதும் தெரியும். புஷ்பராணி அந்தக் கோவிலின் பாடகர் குழுவில் இருந்தார். அதே கோவிலில் எனக்கு முந்தியவர் ஒருவர் அவருக்கும் ஜேக்கப்புக்கும் கலியாணம் முடித்துவைத்திருந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்த பிறகு ஜேக்கப் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனார். முதலில் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் திருவிழாவுக்கும் வந்தார். பிறகு நத்தாருக்கு மட்டும் வந்தார். பிறகு வரவேயில்லை. அங்கே வேறொரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டார் என்ற செய்திதான் வந்தது.

புஷ்பராணி கொழுந்து பறித்தார். பிறகு திகனப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையொன்றில் தைக்கப் போனார். ரெபேக்காவையும் ஷீலாவையும் படிக்கவைத்தார். ஞாயிறு தவறாமல் வருவார். ஆனால் ஒரு ஞாயிறு மட்டும் வரமாட்டார். வருடத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபைகளில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். எல்லாரும் எழுந்து நின்று, இன்பத்திலும் துன்பத்திலும் நாங்கள் உமக்குரியவர்கள் என்று ஆண்டவரோடு தங்கள் உடன்படிக்கையைப் புதுப்பிப்பார்கள். புஷ்பராணிக்கு அன்றைக்கென்று ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒரு மார்கழி மாதத்தில் ஜேக்கப் திரும்பி வந்தார். வந்தார் என்பதைவிடக் கொண்டுவந்து விட்டார்கள் என்பது சரி. வாதம் வந்து ஒரு கையும் காலும் இழுத்திருந்தன. கொழும்புப் பெண் கைவிட்டுவிட்டார். அக்கா அன்னம்மாவின் லயத்து வீட்டில் முச்சக்கர வண்டி இறக்கிவிட்டுப் போனது.

சபையின் உக்கிராணக்காரராக, அதாவது சபைக் காரியங்களை முன்னின்று பார்ப்பவராக, தங்கராஜா சேர் இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். இளகிய மனசுக்காரர். அடுத்த நாளே என்னிடம் வந்தார்.

“ஐயா, கர்த்தர் நல்ல சந்தர்ப்பத்தக் குடுத்திருக்காரு. உடன்படிக்கை ஆராதனையில ரெண்டு பேரையும் சேத்து நிக்கவைப்போம். நீங்க ஓசியாவ எடுத்துப் பேசுங்க. ஓடிப்போன பொண்டாட்டியத் திரும்பச் சேத்துக்கிட்ட தீர்க்கதரிசி. சபையே கண்ணீர் விடும்.”

யோசிப்போம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, புஷ்பராணியின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணியை வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே கேட்டார்.

“ஐயாவும் அதுக்குத்தான் வந்தீங்களா?”

“எதுக்கும்மா?”

“மன்னிக்கச் சொல்ல. மாதர் சங்கத்து அம்மாமாரு வந்து சொல்லிட்டாங்க. தங்கராஜா சேர் வந்து சொல்லிட்டாரு. எல்லாரும் அவருக்கு என்ன ஆச்சுன்னு சொல்றாங்க. கை விளங்கல, கால் விளங்கல, பாவம்னு. எனக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கல ஐயா. அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல.”

அவர் எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

“உடன்படிக்கை ஆராதனைக்கு ஏன் வர்றதில்லன்னு போன வருசம் கேட்டீங்க. நான் மழுப்பிட்டேன். இந்தக் கோயில்லதான் நான் ஒரு உடன்படிக்கை சொன்னேன். சபை முழுக்க நின்னு கேட்டாங்க. அதுக்கு என்ன ஆச்சுன்னு அந்தச் சபை இன்னிக்கு வரைக்கும் கேக்கல. இன்னொண்ண நான் எதுக்குச் சொல்லணும்?”

அந்த வெள்ளிக்கிழமை ஆளில்லாத கோவிலில் ஓசியாவைச் சத்தமாக வாசித்தேன். இதில் யார் அழுகிறார்கள் என்று தேடினேன். கைவிடப்பட்டவர் அழுகிறார். அந்தப் புத்தகத்தில் கைவிடப்பட்டவர் ஆண்டவர். எங்கள் சபையில் கைவிடப்பட்டவர் புஷ்பராணி. தங்கராஜா சேர் கேட்பது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும். அதற்கு முன்னால், தனக்கு நடந்ததை ஆண்டவர் அதிகாரம் அதிகாரமாகச் சொல்லித் தீர்க்கிறார். ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. அவரே சொல்லித் தீர்க்காமல் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால், இந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசாமல் சேர்த்துக்கொள் என்று சொல்ல நாங்கள் யார்?

பிறகு மீகாவைத் திருப்பினேன். அங்கே ஆண்டவர் தன் ஜனத்தின்மேல் வழக்கே தொடுக்கிறார். மலைகளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். வழக்கின் முதல் வார்த்தை குற்றச்சாட்டாக வரவில்லை, கேள்வியாக வருகிறது. நான் உனக்கு என்ன செய்தேன், எதில் உன்னைச் சலிக்கவைத்தேன், பதில் சொல் என்கிறார். யன்னல் வழியே எதிர்மலை தெரிந்தது. என்ன செய்யவேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கியது.

முதலில் ஜேக்கப்பிடம் போனேன். அன்னம்மாவின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். விசயத்தைச் சொன்னேன். ஒரு பின்னேரம் கோவிலில் புஷ்பராணி பேசுவார், நீங்கள் கேட்கவேண்டும், பிறகு பதில் சொல்லவேண்டும்.

“திட்டுவா ஐயா.”

“திட்டலாம்.”

“கை கால் விளங்காதவன நிக்கவச்சுக் கேக்கிறதா?”

“உக்காந்து கேளுங்க.”

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அன்னம்மா கத்தியோடு வெளியே வந்தார். “போ. போய்க் கேளு. நீ பண்ணுன வேலைக்கு நான் இத்தன வருசமா அவ மொகத்தப் பாக்க முடியாம, அவ போனப்பறந்தான் பீலிக்குப் போனேன். நீ கேக்காட்டி இந்த வீட்ல சோறு இல்ல.”

தங்கராஜா சேருக்கு இது பிடிக்கவில்லை. “கோயிலா, கோர்ட்டா ஐயா? ஏழு வீட்டுக்குத் தெரிஞ்ச விசயத்த எழுபது வீட்டுக்குத் தெரியவைக்கிறீங்க.”

“கலியாணம் எழுபது வீட்டுக்கும் தெரிஞ்சுதானே நடந்தது சேர்?” என்றேன். எழுபது வீட்டையும் கூப்பிடவில்லை. பிள்ளைகள், அன்னம்மா, சபையின் சாட்சியாகத் தங்கராஜா சேர், நான். அவ்வளவு பேர்தான்.

நத்தார் முடிந்த சனிக்கிழமை பின்னேரம் கூடினோம். ஒழுங்கை நானே முடிவுசெய்திருந்தேன். பாட்டு இல்லை, ஜெபமும் இல்லை. ஜெபம் சில வேளைகளில் பேச்சை நிறுத்துவதற்கு நல்ல வழி என்பதை நான் பார்த்திருக்கிறேன். வாங்குகளை எதிரெதிரே இழுத்துப் போட்டோம். மலைப் பக்கத்து யன்னல்களைத் திறந்துவைத்தேன். புஷ்பராணி முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. தரையில் நின்று மீகாவின் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

புஷ்பராணி எழுந்து நின்றார். கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

ரெபேக்காவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, அப்பா எங்கே என்று கேட்டவருக்குப் பிள்ளையே பதில் சொன்னதைச் சொன்னார். ஷீலாவுக்கு டெங்கு வந்து கண்டி ஆஸ்பத்திரி விறாந்தையில் பாய் போட்டுக் கிடந்ததைச் சொன்னார். தன் அம்மாவை அடக்கம் செய்த அன்று, பெட்டியைத் தூக்க மருமகன் எங்கே என்று சனம் தேடியதைச் சொன்னார். பாடகர் குழுவில் தான் நுழைந்தால் பேச்சு மாறுவதைச் சொன்னார்.

“நத்தாருக்கு நத்தார் உங்க கோப்பையையும் எடுத்து மேசையில வைப்பேன். புள்ளைங்க கேக்கக்கூடாதுன்னு. ஒரு வருசம் ஷீலா அதக் கழுவி, மத்தக் கோப்பையோட அடுக்கி வச்சிட்டா. ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. அன்னியோட வைக்கிறத விட்டேன்.”

ஷீலா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இப்ப ஐயா வாசிச்சாரே, அதே கேள்வி. நான் உங்களுக்கு என்ன பண்ணுனேன்? சமைக்கத் தெரியாதா? சண்டக்காரியா? என்ன பண்ணுனேன்னு நீங்க போனீங்க? சொல்லுங்க. நான் முடிச்சிட்டேன் ஐயா.”

எல்லாரும் ஜேக்கப்பைப் பார்த்தோம். நல்ல கையால் கெட்ட கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“கெட்ட காலம்... பிசாசு மனசக் கெடுத்திருச்சு...”

“ஜேக்கப்,” என்றேன், “பிசாச நாங்க கூப்பிடல. உங்களத்தான் கூப்பிட்டோம்.”

வாதத்தால் கோணியிருந்த வாயிலிருந்து வார்த்தை வருவதற்கு நேரமெடுத்தது. அந்த நேரத்தில் தங்கராஜா சேர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்லி முடித்துவையுங்கள் என்பதுபோல. நான் அசையவில்லை.

“நீ ஒண்ணும் பண்ணல புஷ்பம்,” என்றார் ஜேக்கப். “எனக்கு அங்க நல்லாருந்துச்சு. பொறுப்பு இல்ல, யாரும் ஒண்ணும் கேக்கல. அதான் போனேன். வேற காரணம் இல்ல. நீ ஒண்ணுமே பண்ணல.”

இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது என்றுதான் எனக்கு முதலில் பட்டது. ஆனால் புஷ்பராணி பொத்தென்று வாங்கில் உட்கார்ந்து மூச்சு விட்டார். நெடுநேரம் தலையில் சுமந்த கட்டை இறக்கிவைத்தவர்கள் விடும் மூச்சு அது.

“இதத்தான் கேக்கணும்னு இருந்தேன்,” என்றார். “நான் ஏதோ பண்ணிட்டேன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரெபேக்கா, கேட்டியா? ஷீலா, கேட்டியாம்மா? அம்மா ஒண்ணும் பண்ணல.”

ரெபேக்கா அழுதாள். அன்னம்மா எழுந்து போய்ப் புஷ்பராணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கராஜா சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மெல்லக் கேட்டார்:

“அப்ப மன்னிச்சிட்டீங்களாம்மா?”

புஷ்பராணி நிமிர்ந்து பார்த்தார். “சேர், கேஸே இன்னிக்குத்தான் எடுத்திருக்கு. தீர்ப்ப யோசிச்சுச் சொல்றேன்.”

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷீலாவும் சிரித்துவிட்டாள்.

ஜெனிட்டா, எங்கள் சனங்கள் அடிபட்டவர்கள் என்று நீங்கள் சொன்னது சரி. அடிபட்டவர்களுக்குத்தான் தீர்ப்பு வேண்டும். தங்களுக்கு நடந்ததை ஒருவர் முழுதாகக் கேட்பார், அது தப்பு என்று வாய் திறந்து சொல்வார் என்பது அவர்களுக்கு மிரட்டலாகப் படாது. அதை நீங்கள் தாண்டிப் போனால், அடித்தவர்களுக்கு மட்டும்தான் நிம்மதி. ஆறுதல் அதிகாரங்களை வாசிக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. வழக்கைக் கேட்டுவிட்டு அங்கே போங்கள்.

இரண்டு நாள் கழித்து, தொழிற்சாலை விட்டு வரும் வழியில் புஷ்பராணி எங்கள் வீட்டுக்கு வந்து தீர்ப்பைச் சொன்னார்.

“அவருக்குப் பகல் சோறு நான் குடுத்தனுப்புறேன் ஐயா. அன்னம்மாக்காவால தனியா முடியாது. கிளினிக்குக்குப் புள்ளைங்க கூட்டிட்டுப் போறதுன்னா போகட்டும். அவங்க இஷ்டம். ஆனா என் வீட்டுக்கு வேணாம். புருசன் பொண்டாட்டின்னு சபையில நிக்கவும் மாட்டேன். அது முடிஞ்சிருச்சு. அவரு முடிச்சிட்டாரு.”

தங்கராஜா சேருக்கு ஏமாற்றம். ஓசியாவின் கடைசிப் பக்கம் கிடைக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. அன்றைக்குச் சாப்பிடும்போது என் மனைவியிடம், இது போதுமா என்று கேட்டேன். அவள் கறிச் சட்டியை மூடிக்கொண்டே, “வேலைக்குப் போறதுக்கு முந்தி எந்திரிச்சு அந்த மனுசனுக்கும் சேத்து சமைக்கப் போறா. இதுக்கு மேல உங்களுக்கு என்னதான் வேணும்?” என்றாள்.

எபிரேயத்தில் ‘ஹெசெத்’ என்று ஒரு சொல் உண்டு. கிருபை, இரக்கம், மாறாத அன்பு என்றெல்லாம் தமிழில் எழுதுவோம். எதுவும் சரியாகப் பொருந்துவதில்லை. உணர்ச்சி வடிந்த பிறகும், எதிர்ப்பக்கம் உடன்படிக்கையை உடைத்த பிறகும், தன் பங்குக்கு உள்ளதைச் செய்கிற குணம் அது. தன்னை ஏமாற்றிக்கொள்ளாமல் செய்வது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை விளக்க வேண்டிவந்த இடங்களில், பேர் சொல்லாமல், தினமும் ஒரு லயத்துக்குப் போன பகல் சோற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். சனங்களுக்கு உடனே விளங்கியது.

புது வருடத்தின் முதல் ஞாயிறு புஷ்பராணி பிள்ளைகளோடு வந்தார். எல்லாரும் எழுந்து உடன்படிக்கை வார்த்தைகளைச் சொன்னபோது பாடகர் குழுவிலிருந்து அவருடைய குரல் தனியாகக் கேட்டது. ஜேக்கப் கடைசியில் கதவோரமாக இருந்தார். நின்றாரா, சொன்னாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றிருந்தேன்.

ஜேக்கப் அதற்குப் பிறகும் பல வருடங்கள் இருந்தார். சோறு போய்க்கொண்டே இருந்தது. முதலில் ரெபேக்காதான் கொண்டுபோவாள். அப்பனோடு பேச மறுத்த ஷீலா, ஒரு நாள் போய் அவருக்கு முடி வெட்டிவிட்டாள் என்று அன்னம்மா வந்து ஆச்சரியமாகச் சொன்னார். பிறகு மாதா மாதம் அவள்தான் வெட்டினாள். புஷ்பராணியும் அன்னம்மாவும் ஒன்றாகவே பீலிக்குப் போனார்கள். புஷ்பராணியின் வீட்டு வாசற்படியை ஜேக்கப் கடைசிவரை மிதிக்கவில்லை, கேட்கவும் இல்லை.

அவர் இறந்தபோது நான் ஓய்வு பெற்று கட்டுகஸ்தோட்டைக்கு வந்திருந்தேன். அடக்கத்துக்கு வரச்சொல்லி ஷீலாதான் போன் பண்ணினாள். தேயிலைக்கு நடுவே இருக்கும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புதிய குருவானவர் ஜெபித்து முடித்தார். பிள்ளைகள் மண் போட்டார்கள், அன்னம்மா போட்டார். புஷ்பராணி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நின்றார். வயதாகித் தளர்ந்திருந்த தங்கராஜா சேர் அவர் பக்கம் சாய்ந்து, “ஏதாவது சொல்லணுமாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல சேர். சொல்லவேண்டியதெல்லாம் அவரு உசுரோட இருக்கும்போதே சொல்லிட்டேன். கேட்டுட்டுத்தான் போறாரு.”

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பாதை வழுக்கும் என்று சேரின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.